விசிலை ஒப்படைத்தவர்கள்

தமிழ்த்துறையில் வேலை பார்ப்பவனுக்கு ஒரு சங்கடம் உண்டு. கல்லூரியில் எது எழுதப்பட வேண்டியிருந்தாலும் அது அவன் மேசைக்கு வந்து சேரும். வரவேற்பு மடல், இரங்கல் தீர்மானம், அழைப்பிதழில் ஒற்று மிகுமா மிகாதா என்ற ஐயம், பெரிய மனிதர் எவரேனும் வந்தால் ஒரு வாழ்த்துப்பா. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விழா மலருக்காக "விளையாட்டுத் துறையின் வரலாறு, நான்கு பக்கம்" என்று ஒரு தலைப்பை என்னிடம் ஒப்படைத்தார்கள். பந்து என்னை நோக்கி வந்தால் விலகி நிற்பதையே இளமை முதல் வழக்கமாகக் கொண்டவன் நான். ஆயினும் மறுக்க முடியவில்லை. நான் பணியாற்றுவது கம்பம் பள்ளத்தாக்கில் உள்ள ஒரு கல்லூரி. அதன் பெயர் இக்கட்டுரைக்குத் தேவையில்லை. நான் சொல்லப்போகும் குறை எந்த ஒரு கல்லூரிக்கும் தனியாக உரியதன்று.

வரலாறு என்றால் பெயர்களும் ஆண்டுகளும் வேண்டும். முதலில் முதல்வர் அறைக்குச் சென்றேன். அங்கே கருமரப் பலகையில் பொன்னெழுத்தில் முதல்வர்களின் பெயர்கள், பொறுப்பேற்ற நாள், விடுபட்ட நாள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. மூன்று மாதம் மட்டும் பொறுப்பு முதல்வராக இருந்தவர் பெயரும் விடுபடவில்லை. நுழைவாயில் சலவைக்கல்லில் நன்கொடையாளர் பெயர்கள். கண்ணாடி அலமாரியில் கேடயங்களும் கோப்பைகளும். ஆண்டும் போட்டியின் பெயரும் அவற்றில் பொறிக்கப்பட்டிருந்தன. சுவர்களில் அணிகளின் நிழற்படங்கள். முதல்வரும் செயலரும் நடுவில் நாற்காலியில் அமர்ந்திருக்க, மாணவர்கள் பின்னால் நிற்க, கழுத்தில் விசில் தொங்கும் ஒருவர் ஓரத்தில் நின்றிருந்தார். படத்தின் கீழே இடமிருந்து வலமாக அத்தனை மாணவர்களின் பெயர்களும் உண்டு. ஓரத்தில் நின்றவருக்கு "உடற்கல்வி இயக்குநர்" என்ற பதவிப்பெயர் மட்டும். சில படங்களில் அதுவும் இல்லை.

கடைசியில் எனக்கு விடை கிடைத்த இடம் விளையாட்டுப் பொருள்கள் வைக்கும் அறை. அங்கே இருப்புப் பதிவேடு ஒன்று இருந்தது. ஒருவர் பணி மாறும்போதோ ஓய்வு பெறும்போதோ அறையிலுள்ள பொருள்களை எண்ணி அடுத்தவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது நடைமுறை. கால்பந்து 6, அவற்றில் பழுது 2. கைப்பந்து வலை 1. காற்றடிக்கும் பம்பு 1. இரும்புக் குண்டு 2. ஈட்டி 3, அவற்றில் ஒன்று முனை மழுங்கியது. விசில் 1. அதன்கீழே "ஒப்படைத்தேன்", "பெற்றுக்கொண்டேன்" என்ற இரு சொற்களும் இரு கையொப்பங்களும். இப்படியாக ஐந்து பேர். எங்கள் கல்லூரியில் விளையாட்டைக் கற்பித்தவர்களின் வரலாறு என்று எழுத்தில் இருப்பது இவ்வளவுதான். பந்துகளை எண்ண வேண்டியிருந்ததால் இவர்களும் எண்ணப்பட்டிருக்கிறார்கள். அந்த ஐந்து கையொப்பங்களில் இரண்டை என்னால் படிக்க இயலவில்லை.

இந்த அலைச்சலின் நடுவே, இத்தகைய வரலாறு பிற நாடுகளில் எப்படி எழுதப்படுகிறது என்று பார்க்கும் ஆவல் எழுந்தது. அமெரிக்கக் கல்லூரிகளைப் பற்றிப் படித்தபோது வியப்பு மேலிட்டது. அங்கே பேஸ்பால் ஆடும் ஒவ்வொரு கல்லூரியும் தன் தலைமைப் பயிற்றுநர்களின் பட்டியலை, நம் கோயில்களில் பட்டக்காரர் வரிசையைப் பேணுவதுபோலப் பேணி வருகிறது. பெயர், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை, வென்றவை எத்தனை, தோற்றவை எத்தனை என்று முதல் பயிற்றுநரிலிருந்து இன்றுள்ளவர்வரை வரிசையாக இருக்கும். தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ராட் டிடோ என்பவர் 1942 முதல் 1986 வரை பேஸ்பால் பயிற்றுநராக இருந்தார். அவர் காலத்தில் அந்த அணி 11 முறை தேசியப் பட்டம் வென்றது. சொந்தமாகச் சரக்குப் போக்குவரத்துத் தொழில் நடத்தி வந்த அவர், பயிற்சிக்காகப் பெயரளவில் ஆண்டுக்கு ஒரு டாலர் மட்டுமே ஊதியமாகப் பெற்றார் என்பதும் பதிவாகியிருக்கிறது.

பேஸ்பால் நமக்கு அன்னியமான ஆட்டம். ஆகவே நமக்கு நெருங்கிய ஒன்றையே எடுத்துக்கொள்வோம். கூடைப்பந்தைக் கண்டுபிடித்தவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். 1891 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், குளிர்காலத்தில் கூரைக்குள் ஆடுவதற்கென்று இரண்டு பழக்கூடைகளைச் சுவரில் மாட்டி, 13 விதிகளை எழுதி, அந்த ஆட்டத்தை உண்டாக்கினார். 1898-இல் கான்சாஸ் பல்கலைக்கழகத்துக்குச் சென்று அங்கே முதல் கூடைப்பந்துப் பயிற்றுநரானார். அங்கு அவர் கணக்கு 55 வெற்றி, 60 தோல்வி. அந்தப் பல்கலைக்கழகத்தின் நெடிய பயிற்றுநர் வரிசையில் வென்றதைவிட மிகுதியாகத் தோற்றவர் ஒரே ஒருவர்தான். அவர் அந்த ஆட்டத்தையே படைத்தவர். இதை அவர்கள் மறைக்கவில்லை. அரங்கின் ஆடுகளத்துக்கே அவர் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள்.

அவருக்குப் பின் வந்தவர் அவருடைய மாணவர் ஃபாக் ஆலன். பயிற்றுநராகப் போகிறேன் என்று ஆலன் சொன்னபோது, கூடைப்பந்து பயிற்றுவிக்கக்கூடியதன்று, ஆடக்கூடியது மட்டுமே என்னும் பொருள்பட நெய்ஸ்மித் மறுமொழி சொன்னதாக ஒரு செய்தி வழங்குகிறது. ஆலன் அதைக் கேட்கவில்லை. 1907 முதல் 1909 வரையிலும், பிறகு 1919 முதல் 1956 வரையிலும் அங்கே பயிற்றுவித்தார். அவரிடம் ஆடிய அடால்ஃப் ரப் கென்டக்கிக்கும், டீன் ஸ்மித் வட கரோலினாவுக்கும் சென்று பெரும் பயிற்றுநர்களானார்கள். 1919-இல் ஒரே ஓர் ஆட்டத்துக்குப் பொறுப்பாக இருந்துவிட்டு ஆலனிடம் அணியை ஒப்படைத்த கார்ல் ஷ்லேட்மன் என்பவரைப் பற்றியும் குறிப்பு இருக்கிறது. அவரைச் சேர்த்தால் நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாற்றில் பயிற்றுநர்கள் ஒன்பது பேர். விட்டால் எட்டுப் பேர். ஓர் ஆட்டத்துக்கு நின்றவரைக்கூட அவர்களால் சொல்ல முடிகிறது. இருபத்தைந்து ஆண்டுகள் வெயிலில் நின்றவர் யார் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கான்சாஸுக்கும் கம்பம் பள்ளத்தாக்குக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் கேட்கலாம். தொடர்பு இருக்கிறது. நெய்ஸ்மித் கூடை மாட்டிய அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பின்னாளில் பயின்றவர் ஹாரி குரோ பக். அவர் இந்தியாவுக்கு வந்து 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவினார். இன்று நந்தனத்தில் உள்ள கல்லூரி அதுதான். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணியுடன் அவர் உடன் சென்றார். 1943-இல் மறையும்வரை அக்கல்லூரியின் பொறுப்பில் இருந்தார். அவருக்கு முன் நம் பள்ளிகளில் இருந்தவர்கள் 'டிரில் மாஸ்டர்கள்'. பட்டாளத்துப் பாணியில் கைகால்களை நீட்டி மடக்கச் செய்வதே அவர்கள் அறிந்த உடற்பயிற்சி. ஆடி மகிழ்வதும் கல்வியே என்ற எண்ணத்தை ஆசிரியர் பயிற்சியின் வழியே பரப்பியதில் பக் அவர்களுக்குப் பெரும் பங்குண்டு. அக்கல்லூரியில் பயின்றவர்களும், அவர்களிடம் பயின்றவர்களும் தமிழகத்தின் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் ஆசிரியர்களாகச் சென்றார்கள். 1891-இல் ஸ்பிரிங்ஃபீல்டின் சுவரில் மாட்டிய கூடை, இப்படிப் பல கைகள் மாறி எங்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம்வரை வந்து சேர்ந்தது.

எங்கள் மாவட்டத்தில் பெரியகுளத்தைக் கூடைப்பந்து ஊர் என்றால் மிகையில்லை. அங்குள்ள சில்வர் ஜூபிலி விளையாட்டுக் கழகம் கோடையில் நடத்திவரும் அகில இந்தியப் போட்டிக்கு இராணுவ அணியும் கடற்படை அணியும் வங்கி அணிகளும் வந்து ஆடியிருக்கின்றன. மாந்தோப்புகளுக்கு நடுவே உள்ள ஒரு சிற்றூரில், விளக்கொளியில், வேட்டியை மடித்துக் கட்டிய பெரியவர்கள் உட்கார்ந்து ஆட்டத்தின் நுட்பங்களை விவாதிப்பதைக் காணலாம். அந்த ரசனை தானாக முளைத்ததன்று. யாரோ ஒருவர் முதன்முதலில் இங்கே ஒரு கம்பத்தை நட்டு, ஒரு வளையத்தை மாட்டி, சிறுவர்களுக்குப் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும். ஸ்பிரிங்ஃபீல்டில் கூடை மாட்டியவரின் பெயர் உலகுக்கே தெரிகிறது. சென்னைக்குக் கொண்டுவந்தவர் பெயரும் தெரிகிறது. சென்னையிலிருந்து இந்தப் பள்ளத்தாக்குக்குள் ஊர் ஊராகக் கொண்டுவந்தவர்கள் எத்தனை பேர்? அவர்களை எந்தப் பலகையில் எழுதியிருக்கிறோம்?

இதற்கு இரண்டு மறுப்புகள் சொல்லப்படலாம். ஒன்று, அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டு என்பது பெரும் வணிகம். பெரிய பல்கலைக்கழகங்களின் பயிற்றுநர்கள் பேராசிரியர்களைவிடப் பன்மடங்கு ஊதியம் பெறுகிறார்கள். அந்தப் பட்டியல்கள் நன்றியால் எழுந்தவை அல்ல, கணக்குப் பார்ப்பதற்காக எழுந்தவை என்பது. இதில் உண்மை இருக்கிறது. நம் நாட்டிலும் விளையாட்டு வணிகமான இடத்தில் பட்டியல் தானாகவே உண்டாகிவிட்டது. புரோ கபடியில் தமிழ் தலைவாஸ் அணிக்கு 2017-இல் கே. பாஸ்கரன், அடுத்து எடச்சேரி பாஸ்கரன், 2019 பருவத்தின் இடையில் ஜே. உதயகுமார், 2022-இல் அஷன் குமார், 2024-இல் மீண்டும் உதயகுமாரும் அவருடன் தர்மராஜ் சேரலாதனும், 2025-இல் சஞ்சீவ் பாலியான் என்று எவரும் வரிசையாகச் சொல்லிவிடலாம். தோற்றால் மாற்றுவதும் மாற்றினால் எழுதுவதும் அங்கே வழக்கம். ஆனால் அந்த அணியில் ஆடும் ஓர் இளைஞனுக்குக் கிராமத்துப் பள்ளியின் மணல் தரையில் மூச்சடக்கிப் பாடிச் செல்லக் கற்றுக்கொடுத்தவரின் பெயர் அந்த வரிசையில் வராது. வணிகம் தனக்கு வேண்டியவர்களை எழுதிக்கொள்கிறது. கல்லூரியும் அதே அளவுகோலை வைத்துக்கொள்ள வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

இரண்டாவது மறுப்பு சற்றுக் கசப்பானது. நம் உடற்கல்வி ஆசிரியர்களில் எத்தனை பேர் உண்மையில் பயிற்றுவித்தார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. தாமதமாக வரும் மாணவர்களை வாயிலில் நிறுத்துவது, விழாவில் கூட்டத்தைக் கட்டுப்படுத்துவது, கொடியேற்றத்துக்குக் கயிறு சரிபார்ப்பது, ஆண்டுக்கொருமுறை விளையாட்டு விழா நடத்துவது. இவ்வளவோடு பணிக்காலத்தை முடித்தவர்களும் இருந்திருக்கிறார்கள். நான் மறுக்கவில்லை. ஆனால் முப்பது ஆண்டுகள் ஒரே குறிப்பேட்டைப் படித்துக் காட்டிவிட்டு ஓய்வு பெற்ற தமிழாசிரியர்களும் இருக்கிறார்கள். துறைத் தலைவர்களின் பெயர்ப்பலகையில் அவர்கள் பெயர் இருக்கத்தான் செய்கிறது. பெயரை எழுதுவது பாராட்டுப் பத்திரம் அன்று. இவர் இங்கே இருந்தார் என்பதற்கான சான்று. நல்லவரா அல்லாதவரா என்று பிறகு வருபவர்கள் ஆராய்வதற்கும் முதலில் ஒரு பெயர் வேண்டும்.

தமிழ் படித்தவனாகையால் ஆசிரியர் என்றதும் எனக்கு நன்னூலே நினைவுக்கு வரும். பவணந்தியார் நல்லாசிரியருக்கு நிலத்தையும் மலையையும் நிறைகோலையும் மலரையும் உவமை சொன்னார். ஆசிரியராகத் தகாதவருக்கும் நான்கு உவமைகள் தந்தார். கழற்காய் பெய்த குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு. இவற்றுள் கடைசி உவமை எனக்கு நெடுநாள் மனத்தில் நின்றது. வளைந்து வேலிக்கு வெளியே சாய்ந்து நிற்கும் தென்னை அது. நீர் ஊற்றியவன் ஒருவன். காய் விழுவது அயலான் தோட்டத்தில். தன்னை வழிபட்டவனை விட்டுவிட்டுப் பிறனுக்குப் பயன்படுபவன் ஆசிரியனாகான் என்பது கருத்து. தோப்பும் வாய்க்காலும் நிறைந்த எங்கள் ஊர்ப்பக்கத்தில் இந்த உவமையை வகுப்பில் விளக்குவது மிக எளிது. ஒவ்வொரு மாணவன் வீட்டருகிலும் அப்படி ஒரு தென்னை இருக்கும்.

ஆனால் இந்தப் பதிவேட்டோடு அலைந்த நாள்களில் அந்த உவமையை நான் வேறுவிதமாகப் பார்க்கத் தொடங்கினேன். பவணந்தியார் சொன்னது மாணவனுக்கு வஞ்சனை செய்யும் ஆசிரியனைப் பற்றி. அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆயினும் ஒரு சிற்றூர்க் கல்லூரியின் விளையாட்டுப் பயிற்றுநரை நினைத்துப் பாருங்கள். மூன்றாண்டுகள் அவர் ஒரு மாணவனை உருவாக்குகிறார். அவன் நன்றாக ஆடத் தொடங்கும்போது படிப்பு முடிகிறது. அவன் இரயில்வே அணிக்கோ காவல்துறை அணிக்கோ வங்கி அணிக்கோ போகிறான். அவனுடைய சிறந்த ஆட்டம் வேறொருவருடைய சட்டையை அணிந்துகொண்டு வேறொரு ஊரில் நடக்கிறது. கோப்பை அந்த ஊருக்குப் போகிறது. செய்தியில் அந்த அணியின் பயிற்றுநர் பெயர் வருகிறது. காய் எப்போதும் வேலிக்கு அப்பால்தான் விழுகிறது. எனவே இந்தத் தொழிலில் முடத்தெங்காக இருப்பது குற்றமன்று. அதுவே இத்தொழிலின் இயல்பு. தன் அணி இவ்வாண்டு வெல்ல வேண்டும் என்பதற்காக, வேலைக்கோ மேற்படிப்புக்கோ பெரிய அணிக்கோ போகவேண்டிய மாணவனைப் பிடித்து வைத்துக்கொள்பவர்தான் இங்கே மோசமான ஆசிரியர். வெற்றி தோல்விக் கணக்கை வைத்து இவர்களை எடைபோட முடியாது என்று நான் நினைப்பதும் இதனால்தான். நெய்ஸ்மித்தின் 55-க்கு 60 என்ற கணக்கும் அதையே சொல்கிறது. அவருடைய காய் ஆலனின் தோட்டத்தில் விழுந்தது. ஆலனுடையது கென்டக்கியிலும் வட கரோலினாவிலும் விழுந்தது. அங்கே எந்த மரத்தின் காய் எங்கே விழுந்தது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இங்கே காய் மட்டும் தெரிகிறது, மரம் தெரியவில்லை.

பதிவேட்டின் ஐந்து கையொப்பங்களில் ஒன்றுக்கு உரியவர் உயிரோடு இருக்கிறார் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். சின்னமனூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் வயல் பார்த்துக்கொண்டு இருந்தார். தேடிச் சென்றேன். எண்பதை நெருங்கும் வயது. திண்ணையில் உட்கார்ந்திருந்தவர், கல்லூரியின் பெயரைச் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார். நான் மலரைப் பற்றிச் சொல்லி, அவர் காலத்தில் வென்ற கோப்பைகளின் கணக்கைக் கேட்டேன்.

"ஜெயிச்ச கணக்கெல்லாம் எனக்கு ஞாபகமில்லை தம்பி. அது ஆபீஸ்ல இருக்கும். காலைல எவன் எவன் வெறும் வயித்தோட கிரவுண்டுக்கு வந்தான்னு கேளுங்க, சொல்றேன்."

சொன்னார். ஊரைச் சொல்லி, தகப்பனின் தொழிலைச் சொல்லி, ஆடிய இடத்தைச் சொல்லி. ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் வேலைக்குப் போகும் குடும்பத்துப் பையன், திராட்சைத் தோட்டத்தில் மருந்தடிக்கும் தகப்பனின் பையன், கேரளத்துக்கு வேலைக்குப் போன தாயைப் பார்க்காமல் பாட்டியிடம் வளர்ந்தவன். ஓர் ஆண்டு பல்கலைக்கழகப் போட்டிக்கு மதுரை சென்றபோது திரும்பிவரப் பேருந்துக் காசு போதாமல் தன் கைக்கடிகாரத்தை அடகு வைத்ததை அவர் மனைவிதான் உள்ளேயிருந்து சொன்னார். அவர் அதைக் கேட்டு வெட்கப்பட்டுப் பேச்சை மாற்றினார். அவர் சொன்ன மாணவர்களில் பலர் காவல்துறையிலும் இரயில்வேயிலும் வேலையில் சேர்ந்து, இன்று ஓய்வு பெறும் வயதில் இருக்கிறார்கள். விளையாட்டு ஒதுக்கீடு என்ற ஒரு சிறு கதவு இல்லாவிட்டால் அந்தக் குடும்பங்கள் தோட்டத்துக்குப் போகும் ஜீப்பிலிருந்து இறங்கியிருக்க முடியாது. அந்தக் கதவு எங்கே இருக்கிறது, எந்தப் படிவத்தை எந்தத் தேதிக்குள் அனுப்ப வேண்டும், எந்தச் சான்றிதழில் யாருடைய முத்திரை வேண்டும் என்று அறிந்து செய்து கொடுத்தவர் இவர். பந்தை எறியக் கற்றுக்கொடுத்தது பணியில் ஒரு பாதிதான்.

பிறகு நான் பதிவேட்டின் நகலை அவரிடம் காட்டி, படிக்க முடியாத அந்த முதல் கையொப்பம் யாருடையது என்று கேட்டேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். நெடுநேரம் பேசவில்லை.

"இது எங்க சார். இவருகிட்டதான் நான் படிச்சேன். இவருதான் என் கையில விசிலைக் கொடுத்தாரு. என் பேரு இருக்கோ இல்லையோ, இவரு பேரை விட்டுறாதீங்க."

பெயரைச் சொன்னார். எழுதிக்கொண்டேன். மகளிர் கல்லூரிகளைப் பற்றியும் அவர்தான் எனக்குச் சொன்னார். பெண்களை மைதானத்துக்கு அனுப்பப் பெற்றோர் தயங்கிய காலத்தில், அங்கிருந்த உடற்கல்வி ஆசிரியைகள் வீடு வீடாகச் சென்று தகப்பன்மாரிடம் பேசி, போட்டிக்கு அழைத்துப்போய் இரவில் திரும்பக் கொண்டுவந்து வாசலில் விட்டுச் சென்றதை அவர் பார்த்திருக்கிறார். "நாங்க பசங்களுக்கு விளையாட்டை மட்டும் சொல்லிக்கொடுத்தா போதும். அந்த அம்மாக்கள் ஊருக்கே சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது" என்றார். அந்த ஆசிரியைகளின் வரலாறு இதைவிடவும் ஆழத்தில் புதைந்திருக்கிறது.

மலர் வெளிவந்தது. விளம்பரங்கள் மிகுதியாக வந்ததால் என் நான்கு பக்கங்கள் ஒரு பக்கமாகச் சுருங்கின. கோப்பைகளின் பட்டியல் இருந்தது. பயிற்றுநர்களின் பெயர்கள் இடமின்மையால் விடுபட்டன. யாரையும் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. மெய்ப்பு என் கைக்கு வந்தபோது நானும் சண்டை போடவில்லை. அந்தப் பெரியவருக்கு மலரின் ஒரு படியை அனுப்பி வைக்க எனக்குத் துணிவு வரவில்லை. அடுத்த ஆண்டு அவர் மறைந்துவிட்டதாகச் செய்தி வந்தது. இந்தக் கட்டுரையை நான் எழுதுவதற்கு அதுவே காரணம் என்று ஒப்புக்கொள்கிறேன்.

இந்த மண் நன்றி மறக்கும் மண் என்று எவராலும் சொல்ல முடியாது. 1895-இல் பெரியாறு அணையைக் கட்டி முடித்த பென்னிகுவிக்கின் படத்தை இன்றும் கடைகளில் மாட்டி வைத்திருக்கிறோம். அவர் பிறந்த நாளில் பாலார்பட்டியில் பொங்கல் வைக்கிறார்கள். நினைவு என்பதும் எங்களுக்குப் புதிதன்று. 2006-இல் ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் கண்டெடுக்கப்பட்ட நடுகற்கள் தமிழ்பிராமி எழுத்துடையவை. இந்தியாவில் கிடைத்த எழுத்துடை நடுகற்களில் மிகப் பழையவற்றுள் வைத்து எண்ணப்படுபவை. கூடலூரில் நடந்த ஆகோள் பூசலில் இறந்த ஒருவனின் பெயரை அவற்றுள் ஒரு கல் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஆனால் அவன் கையில் வேலைக் கொடுத்துப் பிடிக்கச் சொல்லித்தந்தவன் யார் என்று கல் சொல்லவில்லை. புறநானூற்றில் பொன்முடியார் பாடல் ஒன்று ஒரு வீரனை உருவாக்குவதில் தாய்க்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் உள்ள கடமைகளைப் பங்கிட்டுச் சொல்கிறது. அந்தப் பங்கீட்டிலும் வேலெறியக் கற்பித்தவனுக்கு இடமில்லை. பயிற்றுநரை மறப்பது நமக்கு நேற்று வந்த பழக்கமில்லை போலும். பழைய பழக்கம் என்பதற்காக அதைத் தொடர வேண்டியதுமில்லை.

நான் கேட்பது பெரிய காரியம் அன்று. சிலையோ விருதோ வேண்டாம். ஒவ்வொரு கல்லூரியிலும் விளையாட்டுப் பொருள் அறையின் கதவுக்கு மேலே ஒரு பலகை. அதில் பெயர், வந்த ஆண்டு, விடைபெற்ற ஆண்டு. வெற்றி தோல்விக் கணக்கு எழுத வேண்டாம். முடிந்தால் ஒன்று மட்டும் சேர்க்கலாம்: அவர் யாரிடம் கற்றார் என்பது. உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி தொடங்கியது 1956-இல். போடியில் ஏல விவசாயிகள் சங்கக் கல்லூரியும் பெரியகுளத்தில் ஜெயராஜ் அன்னபாக்கியம் மகளிர் கல்லூரியும் தொடங்கியது 1971-இல். எங்கள் பகுதியில் கல்லூரிக் கல்வியின் வயது அவ்வளவுதான். முதல் தலைமுறையிடம் பயின்றவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். ஒரு விடுமுறை நாளில் இரண்டு மாணவர்களை ஒரு குறிப்பேட்டோடு அனுப்பினால் அந்தப் பெயர்களைக் கேட்டு எழுதிவிடலாம். இன்னும் பத்தாண்டு கழித்து அனுப்பினால் திண்ணைகள் வெறுமையாக இருக்கும்.

எங்கள் தமிழ்த்துறையில் துறைத் தலைவர்கள் பெயர்ப்பலகை ஒன்று இருக்கிறது. பணிமூப்பு முறைப்படி நடந்தால் என் பெயரும் ஒருநாள் அதில் ஏறக்கூடும். அதற்கு நான் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை, இருந்தால் போதும். அந்த நினைப்பு இப்போதெல்லாம் எனக்குச் சற்றுக் கூச்சத்தைத் தருகிறது.

அந்த ஐந்து பெயர்களையும் ஒரு தாளில் தெளிவாக எழுதி, இருப்புப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். இப்போதுள்ள உடற்கல்வி இயக்குநர் இளைஞர். அவரிடம் சொல்லிவிட்டுத்தான் ஒட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு, ஆறாவதாகத் தன் பெயரைத் தானே எழுதலாமா என்று கேட்டார். எழுதுங்கள் என்றேன்.